ஏழு மணிக்குக் காணாமற்போன நந்தனா

அருமனை,
மார்ச் 19, புதன்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மருமகன் டெனிஷ் அவர்களுக்கு,

மாமனார் ஜெயசிங் எழுதிக்கொள்வது. இம்மட்டும் நம் இரண்டு குடும்பத்தையும் கண்ணுக்குள் வைத்துக் காத்துவந்த தேவனுக்கு ஸ்தோத்திரம். இங்கு நானும் உங்கள் மாமியார் நேசம்மாளும் கறுத்த பசுவும் நலம். ஷார்ஜாவில் உங்கள் சுகத்துக்கும், எங்கள் மகள் ஜினிஷாவின் சுகத்துக்கும், நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் சுகத்துக்கும் தினமும் குடும்ப ஜெபத்தில் மறவாமல் மன்றாடி வருகிறோம். முன்பு ஏழு மணிக்கு நடந்த ஜெபம் இப்போது ஆறரைக்கு நடக்கிறது. அது உங்கள் மாமியாரின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு, வேறொன்றுமில்லை.

போன் இருக்க, வீடியோ கால் இருக்க, இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பீர்கள். வீடியோ காலில் நான் வாயைத் திறந்தாலே நேசம்மாள் பின்னால் நின்றுகொண்டு 'அதைச் சொல்லாதிய' என்று உங்களுக்கு முன்னாலேயே கையைக் காட்டுகிறாள். குடும்பத் தலைவனுக்கு என்ன மரியாதை இருக்கிறது சொல்லுங்கள். நமக்கு டிஷ் மாட்டித் தந்தாரே மெக்கானிக் சுயம்புராஜ், அவருடைய மச்சான் வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் பிளேன் ஏறுகிறான். அவன் கையில் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பொதிக்குள் இந்தக் கடிதத்தையும் வைத்துவிடுகிறேன். சிப்ஸைப் பிரித்த கையோடு இதைப் பிரித்துப் படித்து, உடனே நடவடிக்கை எடுக்கும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். ஜனவரியில் லீவுக்கு வந்தபோது நீங்கள் பிரியமாக வாங்கி மொட்டை மாடியில் மாட்டித் தந்த டிஷ்ஷில், மூன்றாம் தேதி திங்கட்கிழமை முதல் ஏழு சேனல்கள் வருவதில்லை. நீலமாக ஒரு கட்டம் வருகிறது, அதில் 'இந்தச் சேனல் தற்போது கிடைக்காது' என்று எழுத்து வருகிறது, அவ்வளவுதான். எனக்கு சீரியல் கீரியல் ஒன்றும் பழக்கமில்லை என்பது உங்களுக்கே தெரியும். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலம் கழித்தவன், எனக்கு உட்கார்ந்து டிவி பார்க்கிற பொறுமை கிடையாது. எல்லாம் நேசம்மாளுக்காகத்தான். அவள் பார்க்கும்போது நான் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், காதில் விழுவது விழும். அப்படிக் காதில் விழுந்த வகையில் சொல்கிறேன். நந்தனா என்று ஒரு பெண், தங்கமான பிள்ளை, அவளை மாமியார்க்காரி பொய்யாக நகைத் திருட்டில் மாட்டி வைத்திருக்கிறாள். நகை உண்மையில் இருப்பது அரிசிப் பானைக்குள். அது நந்தனாவுக்குத் தெரியாது, அவள் புருஷனுக்குத் தெரியாது, வக்கீலுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வெள்ளிக்கிழமை அவள் அரிசி எடுக்கப் பானைக்குள் கையை விடுகிறாள், அத்தோடு அன்றைய கதையை நிறுத்திவிட்டான். சனி, ஞாயிறு இரண்டு நாளையும் எப்படியோ தள்ளி, திங்கட்கிழமை ஏழு மணிக்கு ரிமோட்டை அமுக்கினால் நீலக் கட்டம். அன்றைக்குக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. உங்கள் மாமியாருக்கு.

நான் முதலில் சந்தேகப்பட்டது பகவதியப்பனை. கல்யாணத்தன்று பந்தலில் நின்று உங்களுக்கு மோர் தந்தானே, மேலப்புறத்து வீட்டுக்காரன், அவன்தான். என் பஸ்ஸுக்கு அவன் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் அவன் முன்னால், நான் பின்னால். நான் விசில் ஊதாமல் அவன் வண்டியை ஒரு அடி நகர்த்தியதில்லை. இப்போது நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம் நியாயமானதுதான். அவன் எல்லையில் நிற்கிற நாலு ரப்பர் மரமும் வருஷா வருஷம் இலையை எல்லாம் நம் மாடியில் கொட்டி, மழைத்தண்ணீர்க் குழாயை அடைத்துவிடும். 'உமக்க மரத்தக் கொஞ்சம் ஒதுக்கும் வே' என்று நான் மரியாதையாகத்தான் சொன்னேன். 'உமக்க மாடியக் கொஞ்சம் ஒதுக்கும் வே' என்றான். முடிந்தது கதை. போன வருஷம் அவனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோதுகூட நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போகணும்னு சட்டையெல்லாம் மாற்றினேன். பின்ன, அவனல்லவா முதல்ல பேச வேண்டியது என்று தோன்றியது, சட்டையைக் கழற்றிவிட்டேன்.

ஜனவரியில் டிஷ் மாட்டும்போது ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்ந்து மொட்டையாக நின்றது உங்களுக்கு ஓர்மை இருக்கும். மார்ச்சில் புது இலை தழைத்துவிட்டது. நம் ஊர் டிஷ் மற்ற ஊர் டிஷ் மாதிரி சாய்ந்து நிற்காது, மல்லாந்து வானத்தைப் பார்த்துக் கிடக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் கட்டும், காக்கா வந்து குளிக்கும். அந்த டிஷ்ஷுக்கும் வானத்துக்கும் நடுவில் என்ன நிற்கிறது? பகவதியப்பனின் இலை. இதற்குமேல் சாட்சி வேணுமா? 'பின்ன மத்த நூத்தம்பது சேனலும் எப்படித் தெளிவா வருது?' என்று நேசம்மாள் குறுக்கே கேட்டாள். 'ஏட்டி, ஒவ்வொரு சேனலும் ஒவ்வொரு வழியா வருமாக்கும். எல்லா பஸ்ஸும் ஒரே ரோட்டுலயா ஓடுது?' என்று பொறுமையாக விளக்கிவிட்டு, பலாச்சக்கை பறிக்கிற கொக்கி வைத்த தோட்டிக்கம்பை எடுத்துக்கொண்டு காலையிலேயே மாடி ஏறினேன். நம் மாடிக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கிற கொம்பை மட்டும் கொளுவி ஒரு இழுப்பு, லேசாகத்தான் இழுத்தேன். ரப்பர் கொம்பின் குணம் உங்களுக்குத் தெரியும், வளையாது, சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். நேரே டிஷ்ஷின்மேல் விழுந்தது. ஏழு சேனல் போன இடத்தில் நூற்றைம்பதும் போச்சு. கீழே எட்டிப் பார்க்கிறேன், பகவதியப்பன் வாயில் பிரஷ்ஷோடு நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். நாலு வருஷத்துக்குப் பிறகு எனக்கு நேரே அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'ரைட்!' அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். என்ன ஒரு திமிர் பாத்தியளா!

சுயம்புராஜ் வந்து டிஷ்ஷை நிமிர்த்திக் கட்டினார். நூற்றைம்பதும் திரும்பி வந்தது, ஏழு வரவில்லை. 'மாமா, இலைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. டிஷ் கம்பெனிக்காரனுக்கும் சேனல்காரனுக்கும் தகராறு. நீ பைசா கூடக் கேக்க, நான் தரமாட்டேன்னு ரெண்டு பேரும் முறைச்சிட்டு நிக்கான். டவுண்ல உள்ளவன் கேபிளுக்கு மாறிட்டான். நம்மள மாதிரி ரப்பர் தோட்டத்துக்குள்ள கெடக்கவனுக்குக் கேபிளும் வராது, மாடி மாடியா இதே புலம்பல்தான் கேக்கேன்' என்றார். எனக்கு வந்ததே கோபம். பக்கத்தில் பக்கத்தில் இருந்து தொழில் செய்கிற இரண்டு பெரிய மனுஷர்கள், உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினால் தீருகிற காரியம், அதை வீம்புக்காக இப்படி இழுத்துக்கொண்டு போவார்களா? இந்தப் பிடிவாதத்தை நான் என் ஆயுசில் எங்கும் கண்டதில்லை. 'ஆமா, நாங்களும் கண்டதே இல்ல' என்று நேசம்மாள் அடுக்களையிலிருந்து சொன்னாள். அவள் எப்போதும் என் பக்கம்தான்.

சரி, கம்பெனியிலேயே கேட்டுவிடுவோம் என்று சுயம்புராஜ் தந்த நம்பரில் கூப்பிட்டேன். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு, முக்கால் மணி நேரம் பாட்டு. கடைசியில் உயிருள்ள ஒரு பெண் வந்து, 'வணக்கம் சார், என்ன உதவி வேணும்?' என்றது. 'மோளே, நந்தனாவக் காணல்ல' என்றேன். பிறகு எல்லாம் விவரமாகச் சொன்னேன், பானை வரைக்கும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை, 'சார், நீங்க கேரளாவா?' என்கிறது. எனக்கு எப்படி இருக்கும் பாருங்கள். 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு நவம்பர் ஒண்ணாந்தேதியே நாங்க தமிழ்நாட்டுல சேந்தாச்சு பிள்ளே. நீ வாழைப்பழம்னு ஒருக்கா சொல்லு பாப்போம்' என்றேன். 'வாளப்பளம்' என்றது. யார் தமிழ் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அதற்குள் 'லைன்ல இருங்க சார்' என்று மலையாளம் பேசுகிற இன்னொரு பெண்ணிடம் தள்ளிவிட்டுவிட்டது. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, ரொம்பத் தன்மையாகப் பேசியது. ஆனால் கனெக்‌ஷன் டெனிஷ் என்பவர் பெயரில் இருக்கிறதாம், புகாரை அவர்தான் சொல்லவேண்டுமாம், மாமனார் சொன்னால் செல்லாதாம். என் மனவருத்தத்தைத் தீர்க்க ஒரு மாசத்துக்கு நாற்பது மலையாள சேனல் இலவசமாகத் தந்திருக்கிறது. இப்போது டிவியைப் போட்டால் நாற்பதிலும் அவியல் வைக்கிறார்கள்.

இனி சொல்லப்போவதை நீங்கள் கோபப்படாமல் படிக்க வேணும். மனுஷன் கைவிட்டால் கர்த்தர் இருக்கிறார் என்று, ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனபோது ஜெப விண்ணப்பப் பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். சபையில் சீரியல் என்று எழுத முடியுமா? அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்து, 'எங்கள் இல்லத்தில் மாலைதோறும் இருந்த ஒரு சந்தோஷம் எங்களைவிட்டுப் போயிற்று, கர்த்தர் அதைத் திரும்பத் தரும்படி' என்று எழுதி, ஜெயசிங் குடும்பத்தார் என்று கையெழுத்துப் போட்டேன். போதகர் ஐயா அதை நிறுத்தி நிதானமாக இரண்டு தரம் வாசித்தார். சபை முழுக்க 'ச்சொ ச்சொ' என்கிறது. மறுநாள் நாலு மணிக்கு பெண்கள் ஐக்கியத்திலிருந்து பதினொரு பேர், இரண்டு பிரெட் பாக்கெட்டும் ஒரு ஹார்லிக்ஸும் கொண்டு வந்துவிட்டார்கள். நாலு பாட்டுப் பாடி, அழுது, ஜெபித்து, போகும்போது ஒருத்தி நேசம்மாள் காதில், 'ஜினிஷா எப்ப வந்தா? உள்ள அறையிலயா இருக்கா?' என்று கேட்டிருக்கிறாள். மருமகனே, சபையில் பாதிப் பேர் உங்களுக்கும் அவளுக்கும் ஆகாமல், அவள் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்போதே உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பிரெட்டைக் கையில் வாங்கிவிட்ட பிறகு எந்த முகத்தோடு சொல்வது? மணவாளக்குறிச்சியில் உங்கள் அம்மாவுக்கு யாராவது தாக்கல் சொல்லி, அவர்கள் அழுதுகொண்டு போன் போட்டிருந்தால், அதற்கு இதுதான் காரணம். என்னை மன்னிக்கவும்.

இந்தப் பாட்டும் அழுகையும் கேட்டு என்னமோ ஏதோ என்று மேலப்புறத்திலிருந்து பகவதியப்பன் பெண்டாட்டி முத்துக்கனி ஓடிவந்தாள். ஆம்பிளைகள்தான் பேசாமலிருந்தோம், இவர்கள் இரண்டு பேரும் நாலு வருஷமும் மதிலுக்குமேல் மீன்குழம்பு கைமாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, 'இதுக்கா அக்கா இந்தக் கூத்து? எங்க வீட்டுல வேற கம்பெனி டிஷ்ஷாக்கும், எல்லாம் வருது, ஏழு மணிக்கு அங்க வாங்க' என்றாள். எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் உங்கள் மாமியாருக்கு முட்டுவலி, வழியெல்லாம் ரப்பர்ச் சருகு, பாம்பு கிடந்தால் தெரியாது. டார்ச் அடிக்க ஒரு துணை வேண்டாமா? அதற்காக மட்டும் போனேன். முதல் நாள் வெளியே மாட்டுத்தொழுவத்துப் பக்கம் நின்றுகொண்டேன். ஜன்னல் திறந்திருந்தது, அதற்கு நான் என்ன செய்ய? இரண்டாம் நாள் கொசு பிய்த்து எடுத்தது, முன்வாசல் சிட்டவுட்டில் ஏறி இருந்தேன். மூன்றாம் நாள் சாரல்.

உள்ளே போய், சுவரோடு சேர்ந்த ஸ்டூலில் ஒதுங்கி இருந்தேன். பகவதியப்பன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டு இருக்கிறான். நானும் டிவியைத்தான் பார்த்தேன், வேறே எங்க பாக்க? அந்த நேரம் பாத்து நந்தனாவுக்க புருஷன், மடையன், தாய் சொன்னதக் கேட்டு அவள வீட்ட விட்டு எறங்கச் சொல்லுதான். 'எலே மடையா!' என்று எனக்கு வாயிலிருந்து வந்துவிட்டது. அதே நேரம் அவனுக்கும் வந்துவிட்டது, ஒரே வார்த்தை. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்தோம். பின்ன நான் பொறுக்க முடியாம, 'அவ பானைக்குள்ள கைய விட்டாளே வே, அது என்னாச்சு?' என்று கேட்டுட்டேன். பன்னெண்டு நாளா நெஞ்சுக்குள்ள கெடந்த கேள்வியாக்கும். அவன் டிவிய ஒரு நேரம் பாத்தான், என்னய ஒரு நேரம் பாத்தான். 'கைய விட்டா, ஆனா அது புழுங்கலரிசிப் பானை. நகை கெடக்கது பச்சரிசிப் பானையில' என்றான். அடடா! அப்புறம் விட்டுப்போன அஞ்சு நாள் கதையையும் ஒண்ணு விடாம சொன்னான். முத்துக்கனி பால் விடாத கட்டஞ்சாயா கொண்டு வந்து வச்சா. குடிக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். ஆறிப்போகுமேன்னு குடிச்சேன்.

அதுல இருந்து எனக்குத் தொல்லைதான். ஏழரைக்கு முடிய வேண்டிய சீரியல், ஒன்பது மணி வரைக்கும் இழுக்குது. விளம்பரம் போட்டா போதும், 'அழகியமண்டபம் வளைவுல அன்னைக்கு நீரு விசில் ஊதல்லன்னா நாம ரெண்டு பேரும் பரலோகத்துலயாக்கும்' என்று பழசையெல்லாம் கிளறுதான். ஊதினது நான்தான், ஆனா பிரேக் பிடிச்சது அவன்தான், அதையும் சொல்லணும்லா. மருமகனே, உள்ளதச் சொல்லுதேன், ஆளு பாதியா மெலிஞ்சு போயிட்டான். எந்த மலையிலயும் ஸ்டீரிங்க அசையாமப் பிடிச்ச கை, சாயா கிளாஸ் பிடிக்கும்போது நடுங்குது. நேத்து கிளாஸ நான் வாங்கிக் கீழ வச்சேன். எனக்கு அதப் பாத்துட்டு அங்க இருக்க முடியல்ல. ஒரு நாள் சட்டைய மாத்தினவன் அப்படியே போயிருக்கலாம்னு வருது. கண்ணு நெறைஞ்சிட்டு. நந்தனாவ நெனச்சு அழுதேன்னு அவன் நெனச்சிட்டான், நல்லதாப் போச்சு.

இதுக்காகத்தான் கேக்குதேன், தயவுசெய்து அந்த ஏழு சேனலயும் சீக்கிரம் வரவையுங்க. கனெக்‌ஷன் உங்க பேருல இருக்கு, நீங்க ஒரு போன் போட்டு நல்ல இங்கிலீஷ்ல நாலு ஏசு ஏசினா அவன் கேப்பான். வருகிற இருபத்தெட்டாம் தேதி நந்தனா கோர்ட்டில் கூண்டேறுகிறாள். அன்றைக்காவது உங்கள் மாமியார் தன் வீட்டில், தன் நாற்காலியில் இருந்து பார்க்க வேணும் என்பது என் ஆசை. நாலு வருஷம் கட்டிக் காத்த மானத்தை ஒரு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தினமும் அடுத்தவன் வீட்டில் போய் வைத்துவிட்டு வருகிறேன். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதித்து, கம்பெனியில் உங்களுக்கு மேலான ஸ்தானத்தையும், ஜினிஷாவுக்கு நல்ல சரீர சுகத்தையும், வெயிலில் ஒரு நிழலையும் கட்டளையிடுவாராக. வெயிலில் அதிகம் அலையாதிருங்கள். சிப்ஸ் நம் வீட்டு வாழைக்குலையில் போட்டது, பங்கு வைத்துச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
உங்கள் நலத்தில் எப்போதும் கண்ணாயிருக்கும் மாமனார்,
ஜெயசிங்.

பின்குறிப்பு: மருமகனுக்கு மாமி நேசம்மாள் எழுதுவது. சிப்ஸ் பொதியும்போது இதப் படிச்சேன். நீங்க ஒரு எடத்துக்கும் போன் போடாதிய. கம்பெனிக்காரங்க சமாதானமாகி, போன வெள்ளிக்கிழமையே ஏழு சேனலும் வந்தாச்சு. சுயம்புராஜ் வந்து சொன்னப்ப மாமா மேலப்புறத்துல இருந்தாங்க. நான்தான் ஒரு ரகசிய நம்பர் போட்டு அந்த ஏழையும் பூட்டித் தரச் சொன்னேன். மாமா கண்ணாடி போடாமப் பாக்கதுனால கட்டத்துல எழுத்து மாறினது இன்னும் தெரியல்ல. எனக்கு சீரியலே பிடிக்காது, அங்க நான் போனது மொத்தம் ஒரே நாள். முட்டுவலின்னு சொல்லி நின்னுட்டேன், அவங்க தனியாத்தான் டார்ச்ச எடுத்துட்டு ஆறே முக்காலுக்கே கெளம்புதாங்க, சட்டையெல்லாம் தேச்சுப் போட்டு. முத்துக்கனி சொல்லுதா, ஆபரேஷனுக்குப் பிறகு வாயே தொறக்காத மனுஷன் இப்ப மத்தியானமே 'கண்டக்டர் வந்தாச்சா'ன்னு கேக்காராம். அந்த சீரியல் அடுத்த மாசம் முடியப்போகுதுன்னு கேள்விப்பட்டதுல இருந்து எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கவலையும் வெப்ராளமுமா இருக்கு. ஏழு மணிக்கு வேற ஒண்ணு ஜினிஷாட்ட கேட்டு எழுதுங்க. கதை எப்படியும் இருக்கட்டும், நாலஞ்சு வருஷம் ஓடணும்.